தொபியாஸ் மச்சாது முந்திக்கொண்ட பயணம்

எபேசு நகரத்துப் பளிங்குத் தெரு தேரித்துறைக் கடற்கரையில் ஒதுங்கிய அன்று காலை, பெர்பெத்துவம்மாள் தன் புது ஸ்வெட்டரை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தாள். தேரித்துறையில் ஸ்வெட்டருக்கு வேலையே கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செம்மணல் தேரி, நடுவில் மாதா கோயிலும் அதை ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளுமாக இருக்கும் அந்த ஊரில் மார்கழியிலும் முதுகு வேர்க்கும். ஆனாலும் ரோமாபுரிக் குளிர் எலும்பைக் கடிக்கும் என்று டிராவல்ஸ்காரத் தம்பி கிளமென்ட் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருநெல்வேலிக்குப் போய்க் கடைகடையாக ஏறி இறங்கி, கருநீலத்தில் வெள்ளைப் பூப் போட்ட ஒன்றை வாங்கி வந்து, வாரம் ஒரு தடவை உதறி, வெயில் காட்டி, பிள்ளைத்துணி மடிக்கிற மாதிரி மடித்து வைத்தாள். கூடவே ஒரு ஜோடி கான்வாஸ் ஷூவும் வாங்கியிருந்தாள். சேலைக்குக் கீழே அதை மாட்டிக்கொண்டு அடுக்களைக்கும் முன்வாசலுக்கும் நடந்து நடந்து பழகியதில், மீன் கழுவும்போதுகூடக் கழற்ற மறந்துபோவாள்.

அப்போதுதான் அவளுடைய நாத்தனார் செலஸ்தீனா மீன்கூடையோடு வாசலில் வந்து நின்று, தபால் வந்திருக்கிறது என்று சொல்கிற மாதிரி, "மைனி, எபேசு வந்திருக்கு" என்றாள்.

"முழுசாவா?" என்று கேட்டாள் பெர்பெத்துவம்மாள்.

"ஒரு தெரு மட்டும். தூணெல்லாம் இருக்கு. பாசி அப்பிக் கெடக்கு."

போய்ப் பார்த்தால் சொன்னது சரிதான். கடலுக்குள்ளிருந்து நேராக ஏறி வந்த மாதிரி, வெள்ளை வெளேரென்று பளிங்குக் கல் பாவிய தெரு ஒன்று மணலில் நீளமாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் உடைந்ததும் உடையாததுமாகத் தூண்கள், தூண்களின் இடுக்கில் நண்டுகள், கல்லின் குழிகளில் உப்புத் தண்ணீர். அலை வாங்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று ஆண்கள் அதற்குள் படகுக் கயிற்றைத் தூண்களில் சுற்றித் தென்னை மரங்களில் கட்டி முடித்திருந்தார்கள். கட்டியவர்கள் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் அதுவரை நின்றுகொண்டிருந்த, அமைச்சர் ஒருவர் அடிக்கல் நாட்டிவிட்டுப் போய்க் கூரை போட மறந்த மீன் ஏலக்கூடத்தைத்தான் காணவில்லை. அதை யாரும் தேடவும் இல்லை.

எப்படி வந்தது என்றும் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் தப்பு எங்கே நடந்தது என்று ஊருக்கே தெரியும். தேரித்துறையில் காலங்காலமாக ஒரே ஒரு ஜெபம்தான் உண்டு. அது கரைஜெபம். ஆண்கள் கடலுக்குப் போவதற்கு யாரும் ஜெபித்ததில்லை, போவது அவர்கள் பாட்டுக்குப் போவார்கள்; சாயங்காலம் பெண்கள் கரையில் கூடி, உபதேசியார் "கடல்மேல் நடந்தவரே" என்று எடுத்துக்கொடுக்க, ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டு ஆளின் பேரைச் சொல்ல, எல்லாரும் சேர்ந்து "கரைசேர்த்தருளும்" என்று முடிப்பார்கள். தோணிக்கும் அதே ஜெபம், தொலைந்த வலைக்கும் அதே ஜெபம், மாப்பிள்ளை வேண்டுமென்றாலும் அதே ஜெபம், வேண்டியது எதுவோ அது எங்கோ தண்ணீருக்கு அப்பால் இருக்கிறது, அதை இங்கே கொண்டு வந்து சேர்க்க வேண்டும் என்பதைத் தவிர அந்த ஊருக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியாது. பங்குச்சாமியார் பெலவேந்திரம் ஆதித் திருச்சபைத் தலங்களுக்குத் திருப்பயணம் போகலாம் என்று பூசை முடிவில் அறிவித்து, பயணம் நல்லபடியாக நடக்க ஒன்பது நாள் ஜெபமாக நவநாள் வைக்கலாம் என்றபோது, உபதேசியார் சூசைமிக்கேல் வாய்க்குப் பழகிய அதே ஜெபத்தை எடுத்துவிட்டார். முதல் நாள் சாயங்காலம் "எபேசு மாநகரை" என்றார். ஊரும் யோசிக்காமல், உரக்க, "கரைசேர்த்தருளும்" என்றது.

தப்பு தெரிந்த பிறகாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் தொடங்கின நவநாளைப் பாதியில் விட்டால் வலையில் ஒன்றுக்கும் உதவாத சொறிமீன்தான் விழும் என்பது தேரித்துறையின் நம்பிக்கை. சாமியார் வேறு ஜெபம் ஒன்றை எழுதிக் கொடுத்துப் பார்த்தார். "எங்களை வழிநடத்திச் சென்று" என்று அழகாகத்தான் இருந்தது. ஆனால் கடைசி வரிக்கு வந்ததும் ஊர் தன்னை மறந்து "கரைசேர்த்தருளும்" என்றே முடித்தது. அப்படித்தான் அந்தியோக்கியாவில் பேதுரு கூட்டம் கூட்டினதாகச் சொல்லும் குகைக்கோயில் வந்து ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் நின்றது. அது வந்து நின்ற இடத்திலிருந்து, ஒழுகிக்கொண்டே இருந்த தண்ணீர்த் தொட்டி போய்விட்டது. அடுத்து கப்பதோக்கியாவின் பாறைக் கோயில்கள், கூம்பு கூம்பாக, உள்ளே மங்கிப்போன அப்போஸ்தலர் படங்களோடு, தேரிக்காட்டுப் பனைகளுக்கு நடுவே முளைத்தன. பஸ்ஸே வராத பஸ் நிறுத்தத்தின் நிழற்குடை போனது.

வந்தவற்றை ஊர் சும்மா விடவில்லை. வந்த விருந்தாளி எத்தனை நாள் வேலை செய்யாமல் இருப்பான்? எபேசுத் தெருவில் நெத்திலி காய்ந்தது. பளிங்குச் சூட்டில் ஒரே பகலில் காய்ந்து, ஒரு துளி மணல்கூட ஒட்டாமல், சலசலவென்று அள்ளும்படி இருந்ததால், உடன்குடிச் சந்தையில் எபேசுக் கருவாடு என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். அந்தியோக்கியா குகை உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மத்தியானம் சீட்டு ஆடுகிறவர்கள் அங்கே இடம் மாறினார்கள், பேதுரு உட்கார்ந்திருக்கக்கூடிய கல்லில் மட்டும் யாரும் உட்காராமல் அதன்மேல் வெற்றிலைச் செல்லத்தை வைத்தார்கள். கப்பதோக்கியாவை ஆடுகள் எடுத்துக்கொண்டன. தாசில்தார் ஜீப்பில் வந்து, தூண்களைச் சுற்றி நடந்து, யார் பேரில் பட்டா இருக்கிறது என்று விசாரித்து, ஒருவர் பேரிலும் இல்லை என்றதும் நிம்மதியாகப் புறம்போக்கு என்று எழுதிக்கொண்டு, அரைக் கிலோ நெத்திலியும் வாங்கிக்கொண்டு போனார். பக்கத்து ஊர்க்காரர்களுக்குத்தான் வயிறு எரிந்தது. உங்கள் அந்தோனியார் கோயிலுக்கு என்ன வந்தது என்று செலஸ்தீனா சந்தையில் அவர்களைக் கேட்டுக்கேட்டு மாய்ந்தாள்.

பயணத்துக்குப் பேர் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எல்லாம் இங்கேயே வந்துவிட்டது, அப்புறம் எதற்கு ஆகாயத்தில் பறந்து சாக வேண்டும் என்றார்கள். உபதேசியாருக்குப் பரம சந்தோஷம். வெளிநாட்டில் சோறு கிடைக்காது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மனுஷர் இளைத்துப்போயிருந்தார். எல்லாரையும்விடப் பெலவேந்திரம் சாமியாருக்குத்தான் முகம் தெளிந்தது. பயணத்தை யோசித்தவர் அவர், படம் போட்டுக் காட்டியவர் அவர், சவுல் குருடான சாலையையும் யோவான் கண்ட தீவையும் கண்ணுக்குள் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர். ஆனால் விமானம் என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் என்பது யாருக்கும் தெரியாது. ஆண்டவருடைய சித்தம் என்று சொல்லி, அடுத்த பூசையில் பயணத்தை ரத்து செய்துவிட்டார்.

ஊரில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. பெர்பெத்துவம்மாள் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்வெட்டரை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பக்தி இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் பக்திக்காகத்தான் போக நினைத்தாள் என்றும் சொல்ல முடியாது. அவள் போக நினைத்தாள், அவ்வளவுதான். ஜன்னலோரத்தில் உட்கார வேண்டும், தெரியாத ஊரில் இறங்க வேண்டும், பேர் தெரியாத மரத்துக்குக் கீழே நின்று, வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்காரர் தொபியாஸ் மச்சாது கப்பல்காரர். கல்யாணமான மறுமாதமே ஏறிப் போனவர். வருஷத்தில் ஒரு மாதம் வீட்டில் இருப்பார், மற்ற மாதமெல்லாம் ஜெனோவா, அலெக்சாந்திரியா, இஸ்மிர் என்று ஏதாவது துறைமுகத்தில் இருப்பார். வரும்போது வாசனைச் சோப்பும் ஊர்ப்படம் போட்ட அட்டைகளும் கொண்டுவருவார். ஓய்வு பெற்றதும் உன்னையும் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார், அவளும் ஒவ்வொரு தடவையும் நம்புவாள். சாயங்காலம் தவறாமல் கரைக்குப் போய் அவர் பேரைச் சொல்வாள். பிள்ளை இல்லாத வீட்டில் சொல்வதற்கு வேறு பேரும் இல்லை. கடைசியில் ஒரு வழியாக ஓய்வு பெற்று வந்தவர், சாய்வு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அலைந்து அலைந்து அலுத்துவிட்டது, இனி இந்த வாசலைத் தாண்ட மாட்டேன் என்றார்; சொன்ன சொல்லைக் காப்பாற்றி, அதே நாற்காலியில் அடுத்த ஈஸ்டருக்குள் செத்தும் போனார். அவருக்கு நீலமும் வெள்ளையுமாக டைல்ஸ் பதித்து, தலைமாட்டில் நங்கூரம் வைத்து, கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நல்ல கல்லறையாகவே கட்டியிருந்தாள். வாராவாரம் போய்த் துடைப்பாள். துடைத்துக்கொண்டே கொஞ்சம் திட்டுவாள். அந்தத் திட்டில் பாதிக்கும் மேல் பாசம்தான்.

நவநாளின் எட்டாம் நாள் ரோமாபுரியின் முறை. நிலத்துக்கு அடியில் ஆதிக் கிறிஸ்தவர்கள் செத்தவர்களைப் புதைத்து, அங்கேயே ஒளிந்து பூசையும் வைத்த சுரங்கக் கல்லறைகள் கரைசேர்ந்தருள வேண்டும் என்று ஊர் கேட்டது. மறுநாள் காலையில் அவையும் வந்திருந்தன. எங்கே வரும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. கல்லறை என்பதால் மரியாதை தெரிந்து கல்லறைத் தோட்டத்துக்கே வந்திருந்தன. சுவரோரம் ஒரு பழைய செங்கல் வாசல், உள்ளே கீழே இறங்கும் படிகள், படிகளிலிருந்து ஈரமண் வாசனை. அந்த வாசல் நின்ற இடத்தில்தான் தொபியாஸ் இருந்தார். இப்போது இல்லை. டைல்ஸும் இல்லை, நங்கூரமும் இல்லை, பெர்பெத்துவம்மாள் முந்தின நாள் வைத்த அரளிப்பூகூட இல்லை.

அவர் எங்கே போனார் என்பது மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. பயணம் ரத்தான துக்கத்தைச் சொல்லிப் புலம்ப வந்த கிளமென்ட், அங்கங்கே இருக்கும் தன் ஆட்கள் போனில் அனுப்பிய படங்களைக் காட்டினான். எபேசுவில் தேரித்துறை ஏலக்கூடம் நின்றுகொண்டிருந்தது. தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள் வரிசையாக நின்று அதைப் பார்த்தார்கள். பரலோகம் தெரிய வேண்டும் என்பதற்காகவே பண்டைய மக்கள் இதற்குக் கூரை போடவில்லை என்று வழிகாட்டி சொல்வதாகவும், அமைச்சரின் அடிக்கல்லை ஒரு பேராசிரியர் குனிந்து படித்துக்கொண்டிருப்பதாகவும் கிளமென்ட் சொன்னான். அந்தியோக்கியாவில் தண்ணீர்த் தொட்டி ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரைச் சிலர் பாட்டிலில் பிடித்தார்கள். கடைசிப் படம் ரோமாபுரிக்கு வெளியே, குடை விரித்த மாதிரி நிற்கும் பைன் மரங்களுக்குக் கீழே, நீலமும் வெள்ளையுமாக ஒரு கல்லறை. யாரோ அதன்மேல் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

பெர்பெத்துவம்மாள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். செலஸ்தீனா தோளில் கைபோடத் தயாராகப் பக்கத்தில் வந்து நின்றாள். பெர்பெத்துவம்மாளுக்கு வந்ததோ கோபம். அடுப்பில் சோறு பொங்கி வழிவதும் தெரியாத அளவுக்குக் கோபம்.

"பாத்தியா செலஸ்தீனா," என்றாள். "உசுரோட இருந்தப்ப போனது போதாதுன்னு, செத்தும் போயிட்டாக. அதுவும் என்ன விட்டுட்டு."

இந்த விஷயத்துக்கு ஊர் உடனே மருந்து கண்டுபிடித்தது. இன்று நவநாளின் கடைசி நாள். இன்னும் ஒரு பேர் சொல்ல இடம் இருக்கிறது. யோவான் கண்ட பத்மு தீவைக் கேட்பதாக இருந்தோம், அது போகட்டும், தீவு வந்தால் படகு நிறுத்தவும் இடைஞ்சல். தொபியாஸ் பேரைச் சொல்லிவிடுவோம், காலையில் வந்துவிடுவார், சுரங்கம் அது பாட்டுக்குத் திரும்பிப் போகும் என்று கோயில் கமிட்டிக்காரர்கள் முடிவு செய்தார்கள். சாமியாரும் சரி என்றார். எபேசுக்கும் அந்தியோக்கியாவுக்கும் பழகிப்போன ஊருக்கு, பிணக்குழி மட்டும் கொஞ்சம் ஒட்டாமல்தான் இருந்தது. பெர்பெத்துவம்மாள் எழுந்தாள். அறைக்குள் போய் எதையோ உருட்டினாள்.

சாயங்காலம் கரையில் ஊரே கூடியிருந்தது. கடைசிப் படகும் வந்துவிட்டது, எபேசுத் தூண்களில் கடைசி வெயில் இருந்தது, நெத்திலியை அள்ளிக் குவித்துவிட்டுப் பெண்கள் பளிங்கின் மேலேயே முக்காட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். உபதேசியார் தொண்டையைச் செருமி, "கடல்மேல் நடந்தவரே" என்று எடுத்துக்கொடுத்தார். இனி பெர்பெத்துவம்மாள் பேரைச் சொல்ல வேண்டும். அவள் எழுந்து நின்றாள். அவள் வாயைத் திறந்தால் அவர் வந்துவிடுவார். அவர் வந்துவிட்டால் அவள் போவதற்கு இந்த உலகத்தில் ஒரு காரணமும் இருக்காது, வாராவாரம் டைல்ஸ் துடைத்துக்கொண்டு, ஸ்வெட்டருக்கு வெயில் காட்டிக்கொண்டு, அப்படியே இருந்து முடிந்துபோவாள். இது அவளுக்குத் தெரிந்தது.

"நான் சொல்ல மாட்டேன், சாமி," என்றாள்.

சாமியார் திகைத்துப்போனார். ஜெபத்தை இப்படி அந்தரத்தில் விடக் கூடாது என்று உபதேசியார் மெல்லச் சொன்னார்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவுக போவாக, நான் கூப்பிடுவேன். வருவாக, திரும்பிப் போவாக, திரும்பவும் கூப்பிடுவேன். ஒரு தடவகூட நான் போயி, அவுக இந்தக் கரையில நின்னு என் பேரச் சொன்னதில்ல. இந்தத் தடவ நான் கூப்பிடப் போறதில்ல. நேர்ல போயிப் பாத்துக்கிடுதேன்."

கரை முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. பிறகு எல்லாருடைய கண்ணும் செலஸ்தீனா பக்கம் திரும்பியது, ஏனென்றால் அந்த ஊர் வழக்கப்படி பெண்டாட்டி சொல்லாத பேரைக் கூடப்பிறந்தவள் சொல்லலாம், சொன்னால் செல்லும். செலஸ்தீனாவுக்கு அண்ணன் என்றால் உயிர். பெர்பெத்துவம்மாள் ஷூ வாங்கின நாளிலிருந்து, இந்த வயதில் இது என்ன கூத்து என்று தெருத்தெருவாகச் சொல்லித் திரிந்தவளும் அவள்தான். செலஸ்தீனா எழுந்தாள், முக்காட்டைச் சரிசெய்தாள், அண்ணன் பேருக்கு வாயைக் குவித்தாள். அந்த நேரம் பார்த்து அவள் கண் மைனியின் காலில் போய் நின்றது. சேலைக்குக் கீழே அந்தக் கான்வாஸ் ஷூ, கயிறு இறுக்கிக் கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டு, ஈர மணலில் நின்றுகொண்டிருந்தது. பெர்பெத்துவம்மாள் தலை குனிந்து நின்றாள். கெஞ்சுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

செலஸ்தீனா குவித்த வாயை மூடினாள். கடலைப் பார்த்து, யாரிடம் என்றில்லாமல் பேசினாள்.

"சிங்கப்பூர் மடக்குக்குடை ஒண்ணு கொண்டாறேன்னு எனக்கும் சொன்னாவ. வருஷா வருஷம் சோப்புதான் வந்துச்சு." பிறகு உட்கார்ந்தாள். "போயிட்டு வா மைனி. நாலு வார்த்த எனக்காவும் சேத்துக் கேளு."

அன்றைய ஜெபத்துக்குப் பேர் இல்லாமல் போகக் கூடாதே என்று, உபதேசியார் அவசரத்தில் பஸ் என்றார். ஊர் கரைசேர்த்தருளும் என்றது. மறுநாளிலிருந்து தேரித்துறைக்கு ஒரு டவுன் பஸ் வர ஆரம்பித்தது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். நிற்பதற்கு நிழற்குடைதான் இல்லை.

கிளமென்ட் தூத்துக்குடியிலிருந்து அதே தலங்களுக்குக் கிளம்பும் வேறொரு பங்கின் கூட்டத்தோடு பெர்பெத்துவம்மாளைச் சேர்த்துவிட்டான். விசா முன்பே வந்திருந்தது. புறப்படுகிற அன்று வேன் வந்தது, பெட்டி ஏறியது, கருவாட்டுப் பொட்டலங்கள் மட்டும் இறங்கின, ஏனென்றால் விமானத்தில் விட மாட்டார்கள் என்று கிளமென்ட் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். சாமியார் ஆசீர்வாதம் கொடுத்துவிட்டு, விமானம் ஆடுமாமே, நீ பயப்படாதே என்று தன் பயத்தையும் சேர்த்து அவள் கையில் கொடுத்தார். வேன் நகர்ந்து, தெருமுனை திரும்பி, தேரி மணலில் இறங்கியதும் சக்கரம் புதைந்தது. ஓட்டுநர் மிதிக்க மிதிக்க இன்னும் புதைந்தது. பெர்பெத்துவம்மாள் தலையை நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தாள். இந்த ஊருக்கு எதையும் போகவிட்டுப் பழக்கமில்லையே, இந்த மண்ணுக்கும் இல்லையோ என்று நினைத்தாள்.

அப்போது ஆண்கள் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. படகு இறக்கும்போது நிற்கிற மாதிரியே வேனின் இரண்டு பக்கமும் நின்று, தோளைக் கொடுத்து, கால் பாவி, ஒரே மூச்சில் தள்ளினார்கள். பின்னாலிருந்து பெண்களும் தள்ளினார்கள், வழக்கத்தில் இல்லாத வேலை என்றாலும் செலஸ்தீனாதான் முதலில் கை வைத்தாள். வேன் ஒரு தடவை குலுங்கி, படகு அலையில் ஏறுகிற மாதிரி எழும்பி, தார்ச்சாலையைப் பிடித்து ஓடியது. பெர்பெத்துவம்மாள் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது, எல்லாரும் கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு நின்றார்கள்.

விமானத்தில் அவளுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வழி முழுக்க மேகம்தான் தெரிந்தது, ஒரு துண்டு பூமிகூடத் தெரியவில்லை. அவளோ ஜன்னல் கண்ணாடியில் மூக்கு அழுந்த அத்தனை மேகத்தையும் ஒன்று விடாமல் பார்த்தாள். கூட வந்தவர்கள் சாப்பிடச் சொன்னதுகூட அவள் காதில் விழவில்லை.

ரோமாபுரியில் குளிர் எலும்பைக் கடிக்கவில்லை. லேசான காற்றுதான். ஆனாலும் கழுத்துவரை ஸ்வெட்டரைப் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டு, பைன் மரங்களுக்கு நடுவே போகும் பழைய கல் சாலையில் நடந்தாள். நீலமும் வெள்ளையுமான அந்தக் கல்லறை முன்னால் வழிகாட்டி கூட்டத்தை நிறுத்தி, இங்கே உறங்குபவர் யார் என்று தெரியவில்லை என்றும், தலைமாட்டு நங்கூரம் ஆதிக் கிறிஸ்தவர்களின் நம்பிக்கைச் சின்னம் என்றும், இவர் வேதத்துக்காக உயிர் கொடுத்த பெரிய வேதசாட்சியாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். யாரோ முழங்காலிட்டார்கள். பெர்பெத்துவம்மாள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சாட்சி சொன்னது போதும், வாக்கைக் காப்பாற்றினாரா என்று கேளுங்கள் என்று சொல்ல நினைத்தாள். பிறகு, போகட்டும், நாலு பேர் முன்னால் அவர் மானத்தை வாங்குவானேன் என்று விட்டுவிட்டாள். எல்லாரும் நகர்ந்த பிறகு கல்லறை விளிம்பில் உட்கார்ந்தாள். முந்தானையால் டைல்ஸைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க, வழியெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு வந்த கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது; அவள் அதை மறைக்கவில்லை.

"என்னங்க, வந்துட்டேன்," என்றாள். "கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீய. கூட்டிட்டுத்தான் வந்துட்டீய, போங்க."

அந்த நேரம் தேரித்துறையில் சாயங்காலம். படகுகள் வந்துவிட்டன, பெண்கள் எபேசுத் தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள், ஒவ்வொரு வீட்டுப் பேராகச் சொல்லி முடித்தார்கள். முடிந்தது என்று உபதேசியார் தோள்துண்டை உதறியபோது, செலஸ்தீனா எழுந்து நின்றாள். இதுவரை அந்தக் கரையில் யாரும் ஒரு பெண்ணின் பேரைச் சொன்னதில்லை, சொல்லத் தேவை வந்ததில்லை. அவள் சொன்னாள். ஊர் வழக்கம்போல உரக்க வாய் திறந்தது.

பைன் மரத்தின் கீழே பெர்பெத்துவம்மாளின் இடுப்பில் சுருக்கென்று ஒரு இழுப்பு விழுந்தது. கட்டின கயிற்றைக் கரையிலிருந்து யாரோ இழுக்கிற மாதிரி, கொசுவம் கடல் இருக்கும் திசைக்கு விறைத்துக்கொண்டு நின்றது. அவளுக்கு உடனே புரிந்தது. இந்த இழுப்பை இத்தனை வருஷமாக இன்னொரு முனையிலிருந்து இழுத்தவள் அவள். அதை வாங்குகிறவருக்கு எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நங்கூரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இரட்டை முடிச்சுப் போட்ட ஷூவைக் கல் இடுக்கில் நன்றாகப் பதித்து ஊன்றி நின்றாள்.

"இருடி செலஸ்தீனா," என்றாள். "இன்னும் மீதி எபேசு பாக்கல."

அங்கே கரையில், கையில் பிடித்த கயிறு சட்டென்று இறுகின மாதிரி செலஸ்தீனாவுக்குத் தோன்றியது. மைனியின் குரல் கேட்டதோ என்னவோ, ஊரைப் பாதியிலேயே கையமர்த்தினாள். உபதேசியாரைப் பார்த்து, ஜெபத்தை முதலிலிருந்து எடுக்கச் சொன்னாள். எடுத்ததும், ஒவ்வொரு வார்த்தையாக, திருத்திச் சொன்னாள்.

"என் மைனி பெர்பெத்துவம்மாளை, பாக்க வேண்டியதெல்லாம் பாத்து முடிச்ச பொறவு, மெதுவா..."

"கரைசேர்த்தருளும்" என்றது ஊர்.